எலுமிச்சைச் செடியில் கூட்டுப்புழுக்கள் சாகின்றன, வழி சொல்லுங்கள்

வணக்கம். சென்னை வேளச்சேரியில் எங்கள் பள்ளி மொட்டைமாடியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தொட்டிகளில் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் வளர்க்கிறோம். எலுமிச்சைப் பட்டாம்பூச்சி தானாகவே வந்து முட்டையிடுகிறது. பறவை எச்சம் போலிருக்கும் குட்டிப்புழு வளர்ந்து பச்சையாவதைப் பிள்ளைகள் லென்ஸ் வைத்துப் பார்க்கிறார்கள். தொட்டால் தலைக்குப் பின்னால் சிவந்த கொம்பை நீட்டும், அதற்கே வகுப்பு முழுக்கக் கூச்சல்.

சிக்கல் கூட்டுப்புழுவான பிறகுதான். ஆகஸ்ட்டிலிருந்து பெரும்பாலான கூடுகள் கருத்துப்போய், பக்கவாட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுகிறது. அதன் வழியே எறும்பைவிடச் சின்னக் குளவிகள் கூட்டமாக வெளியே வருகின்றன.

வேப்பெண்ணெய் தெளிப்பதை நிறுத்தினோம். தொட்டிகளை இடம் மாற்றினோம். கொசுவலை கட்டினோம், அந்தக் கண்ணிலும் குளவி நுழைகிறது. மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் ஈரம் கோத்துப் பூஞ்சணம் பிடிக்கிறது. மருந்தடிக்க மாட்டோம்.

குளவியும் இயற்கைதான், அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். ஆனால் ஒரு பட்டாம்பூச்சியாவது இறக்கை விரிப்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

புழு எந்த அளவில் இருக்கும்போது, எந்தத் துணிக்கூண்டுக்குள் மாற்றினால் குளவியிடமிருந்து தப்பும்? வளர்த்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.