30,000 இருக்கை போதுமா? டுலேன் ஸ்டேடியம் பற்றிப் பழைய ரசிகர்களிடம் ஒரு கேள்வி

உறையூர்_பையன்:

அண்ணன்கள், அக்காக்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் திருச்சிக்காரன். ஆகஸ்டில்தான் நியூ ஆர்லியன்ஸ் வந்து டுலேன் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சேர்ந்தேன். எனக்குத் தெரிந்த விளையாட்டு கிரிக்கெட் ஒன்றுதான். போன சனிக்கிழமை லேப் நண்பர்கள் டுலேன் அணியின் அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச் பார்க்க, வளாகத்தில் இருக்கிற யுல்மன் ஸ்டேடியத்துக்குக் கூட்டிப் போனார்கள். விதிமுறை பாதி பிடிபடவில்லை. ஆனாலும் நாலாவது குவார்ட்டரில் தொண்டை கட்டும் அளவுக்குக் கத்திக்கொண்டிருந்தேன்.

கேள்வி மேட்ச் பற்றி இல்லை. மேட்சுக்கு முன்னால் ஓக் மரத்தடியில் டெயில்கேட், அதாவது ரசிகர்கள் கூடிச் சாப்பிடுகிற விருந்து, நடந்தது. ஜம்பலாயா (இந்த ஊர்க் கலந்த சாதம்) தட்டை என் கையில் கொடுத்த ஒரு பெரியவர், எழுபது வயது தாண்டியிருக்கும், பர்ஸிலிருந்து ஒரு டிக்கெட் துண்டை எடுத்துக் காட்டினார். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. ஓரம் பழுப்பேறி, நடு மடிப்பில் எழுத்து அழிந்துபோய், தேதி மட்டும் தெரிந்தது: 1973 டிசம்பர் 1. பழைய ஸ்டேடியம் இங்கேதான் பக்கத்தில் இருந்தது என்று கையை நீட்டிக் காட்டினார். அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

பக்கத்தில் நின்ற மாணவன், "இப்போ இருக்கிற 30,000 பத்தாது, நமக்கும் பெரிய ஸ்டேடியம் வேணும்" என்றான். பெரியவர் வேண்டவே வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஏன் என்று கேட்பதற்குள் பேண்டு வாத்தியம் வந்துவிட்டது, எல்லாரும் எழுந்து போய்விட்டோம்.

அந்த டிக்கெட்டில் அப்படி என்ன இருக்கிறது? 30,000 போதுமா, போதாதா? பழைய சீசன்களைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கும்பகோணம்_டு_ஹூஸ்டன்:

தம்பி, அந்த டிக்கெட்டை அவர் உன் கையில் கொடுத்தார் என்றால் உன்னை நம்ம ஆள் என்று முடிவு பண்ணிவிட்டார். அன்றைக்குத்தான் டுலேன் தன் பழைய போட்டி அணியான எல்எஸ்யூவை (பேட்டன் ரூஜ் ஊரில் இருக்கிற லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டி) 14–0 என்று ஜெயித்தது. அதற்கு முன்னால் ஜெயித்தது 1948இல். நடுவில் 25 வருஷம். அன்று அந்த மைதானத்தில் 86,598 பேர். கல்லூரி அணிகளின் பெரிய போட்டியான சுகர் பௌல் அங்கேதான் நடந்தது, என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலும் மூன்று தடவை அங்கே நடந்தது. அப்புறம் 1975இல் டவுண்டவுனில் சூப்பர்டோம் என்ற கூரை போட்ட பெரிய ஸ்டேடியத்தைத் திறந்தார்கள், டுலேனும் அங்கே குடிபோய்விட்டது. 1979இல் பழைய ஸ்டேடியத்தை இடிக்க ஆரம்பித்தார்கள். அடுத்த 35 வருஷம் கல்லூரி வளாகத்தில் ஒரு ஹோம் கேம்கூட இல்லை. பெரியவர் கண் கலங்கினது இதற்குத்தான்.

நான் வந்தது 2003இல். பொதுச் சுகாதாரத் துறை டவுண்டவுனில், கனால் தெருப் பக்கம். அங்கிருந்து சூப்பர்டோம் நடக்கிற தூரம். அந்த சீசனில் ஜே.பி. லாஸ்மன் குவார்ட்டர்பேக் (பந்தை எறிகிறவர்), மெவெல்டி மூர் ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுகிறவர்). ரெண்டு பேருமே பிறகு என்எஃப்எல் போனவர்கள். இப்படிப்பட்ட ஆட்டக்காரர்கள் இருந்தும் டோமுக்குள்ளே எப்படி இருக்கும் தெரியுமா? 70,000 பேருக்குக் கட்டின கூரைக்குக் கீழே, கீழ்த்தட்டில் அங்கங்கே திட்டுத் திட்டாய் ஆட்கள். மேல் வரிசைகள் முழுக்கக் காலி. மூர் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் நாங்கள் போட்ட சத்தம் கூரையில் முட்டி, ஒரு நொடி கழித்து எங்களிடமே திரும்பி வரும். கல்யாண மண்டபத்தைப் பெரிதாகப் பிடித்துவிட்டு, வந்த ஐம்பது பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறாயா? அந்த மாதிரி. ஆடுகிறவர்கள் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள். இடம்தான் அவர்களுடையது இல்லை.

2005 ஆகஸ்ட் 27, சனிக்கிழமை. புது மாணவர்கள் ஹாஸ்டலுக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு வந்த நாள். அன்றைக்கே எல்லாரையும் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். நான் ரெண்டு செட் துணி, லேப்டாப், பாஸ்போர்ட்டோடு ஹூஸ்டனில் பெரியம்மா மகன் வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை கத்ரீனா புயல் கரையைக் கடந்தது. ரெண்டு நாள் கழித்து அம்மா கும்பகோணத்திலிருந்து போன் போட்டார். டிவியில் சூப்பர்டோமைக் காட்டுகிறார்கள், கூரையின் வெள்ளைத் தோல் உரிந்து கிடக்கிறது, உள்ளே ஆயிரக்கணக்கான ஜனங்கள் தண்ணீருக்குத் தவிக்கிறார்கள். "நீ மேட்ச் பார்த்தேன்னு போட்டோ அனுப்பினியே, அந்த இடமாடா இது?" என்று கேட்டார். ஆமாம்மா என்று சொன்னேன். அதற்கு மேல் ரெண்டு பேராலும் பேச முடியவில்லை.

அந்த இலையுதிர் செமஸ்டர் முழுக்க வளாகம் மூடிக் கிடந்தது. ஃபுட்பால் அணியை மட்டும் லூசியானா டெக் கல்லூரி ரஸ்டன் ஊரில் தங்க வைத்துக்கொண்டது. அந்தப் பையன்கள் 11 வாரம், 11 கேம், 11 வேறு வேறு ஸ்டேடியம் என்று சுற்றினார்கள். சொந்த ஊரில் ஒன்றுகூட இல்லை. 2 வெற்றி, 9 தோல்வி. புள்ளிவிவரத்தில் அது ஒரு மோசமான சீசன். என் கணக்கில் அதுதான் பெரிய சீசன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அண்ணன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஸ்கோரைத் தேடுவேன். அணி ஆடுகிறது என்றால் ஊர் இன்னும் இருக்கிறது என்று மனசுக்கு ஒரு பிடிமானம்.

சரி, ஸ்டேடியத்துக்கு வருகிறேன். 2014 செப்டம்பர் 6, யுல்மன் ஸ்டேடியத்தில் முதல் கேம், ஜார்ஜியா டெக்கோடு. அதற்குள் எனக்கு ஹூஸ்டனில் வேலை. விடியற்காலை கிளம்பி ஐ-10 நெடுஞ்சாலையில் காரை ஓட்டிக்கொண்டு வந்தேன். 38–21 தோற்றோம். தோற்றதை நான் அன்று ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால் வானம். ஸ்டேடியத்துக்கு அந்தப் பக்கம் வீட்டுக் கூரைகள். வியர்வை சொட்டச் சொட்ட, தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தோம். டோமின் ஏசி குளிரில் எனக்கு ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. எனக்கு முன்வரிசையில் ஒரு அம்மா தன் அப்பாவின் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு மேட்ச் பார்த்தார். பழைய மைதானத்துக்கு வந்து பழகினவராம். புதுசைப் பார்க்காமலே போய்விட்டார்.

இது சும்மா கிடைத்ததில்லை. அக்கம்பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் விளக்கு வெளிச்சம், சத்தம், பார்க்கிங் என்று எதிர்த்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, வாசலை ஒட்டித்தான் ஸ்டேடியம். அதனால்தான் அது அளவாகக் கட்டப்பட்டது. அந்த அளவுதான் அதன் அழகு என்று நான் சொல்வேன்.

2021ஐயும் கேள். ஓக்லஹோமா மாதிரி ஒரு பெரிய அணி நம் ஊருக்கு, நம் 30,000 பேர் ஸ்டேடியத்துக்கு வருவதாக இருந்தது. ஆறு மாதம் முன்பே லீவு சொல்லி வைத்திருந்தேன். ஆகஸ்ட் 29 ஐடா புயல். கத்ரீனா அடித்த அதே தேதி. கேமை ஓக்லஹோமாவுக்கே மாற்றிவிட்டார்கள். 40–35 என்று மயிரிழையில் தோற்றோம். அணி பர்மிங்ஹாமில் போய்த் தங்கியது. அந்த வருஷம் மொத்தம் 2 வெற்றி, 10 தோல்வி.

அடுத்த வருஷம் அதே கோச் வில்லி ஃப்ரிட்ஸ், பெரும்பாலும் அதே பையன்கள். 12 வெற்றி, 2 தோல்வி. டிசம்பர் 3, எங்கள் கான்ஃபரன்ஸின் (கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) இறுதிப் போட்டி யுல்மனில், யுசிஎஃப் அணியோடு 45–28 என்று ஜெயித்தோம். விசில் ஊதினதும் மாணவர்கள் வேலி தாண்டிக் குதித்தார்கள். நானும் குதித்தேன், நாற்பது வயதுக்கு மேல். புல்தரையில் கால் பட்டதும் அப்படியே நின்றுவிட்டேன். சுற்றிலும் நிரம்பி வழிகிற இருக்கைகள், ஒரு இடம்கூடக் காலி இல்லை. இருபது வருஷமாக நான் பார்க்க ஆசைப்பட்டது அதுதான், தம்பி. ஸ்டேடியம் பெரிதாக இருப்பதைப் பார்க்க நான் ஏங்கவில்லை. அது நிறைந்திருப்பதைப் பார்க்கத்தான் ஏங்கினேன்.

அப்புறம் ஜனவரி 2, சீசன் முடிவில் நடக்கிற காட்டன் பௌல் போட்டி, எதிரில் யுஎஸ்சி அணி. நாலரை நிமிஷம் மிச்சம் இருக்கும்போது 45–30 பின்தங்கி இருந்தோம். டைஜே ஸ்பியர்ஸ் ஒரு டச்டவுன் அடித்தார், அதாவது பந்தை எதிரணியின் எண்ட் ஸோன் என்ற கடைசிப் பகுதிக்குள் கொண்டுபோனார். அடுத்த கிக்காஃபில் நாங்கள் உதைத்த பந்தை யுஎஸ்சி பையன் கோட்டை விட, பந்து அவர்களுடைய 1 கெஜக் கோட்டில். உடனே அவர்கள் ஆளை அவர்களுடைய எண்ட் ஸோனுக்குள்ளேயே மடக்கினோம், அதற்குப் பேர் சேஃப்டி, எங்களுக்கு 2 பாயிண்ட். கடைசி 9 நொடி இருக்கையில் மைக்கேல் பிராட் எறிந்ததை எண்ட் ஸோனில் அலெக்ஸ் பௌமன் தரையோடு தரையாகப் பிடித்தார். நடுவர் முதலில் இல்லை என்றார், ரீப்ளே பார்த்துவிட்டு உண்டு என்றார். அந்த ரெண்டு நிமிஷம் பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத மனிதர் என் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவே இல்லை. 46–45.

ஆக உன் கேள்விக்கு என் பதில்: 30,000 போதும். பணம் இருந்தால் நிழலுக்கு ஒரு கூரையும் இன்னும் நாலு குடிநீர்க் குழாயும் போடட்டும். எனக்கு மிச்சமிருக்கிற ஒரே கனவு, எல்எஸ்யூ ஒரு தடவை யுல்மனுக்கு வந்து ஆட வேண்டும்.

நிலவியல்_அக்கா:

எல்எஸ்யூ பேரைச் சொன்னால் நான் வராமல் இருப்பேனா! பேட்டன் ரூஜில் நிலவியல் படித்தவள் நான், தொண்ணூறுகளில்.

உறையூர்த் தம்பி, ஒரு ராத்திரி எங்கள் டைகர் ஸ்டேடியத்துக்கு வந்து பார். 1,02,321 பேர். 1988 அக்டோபர் 8, ஆபர்ன் அணியோடு கேம். ரெண்டு நிமிஷத்துக்கும் குறைவாக மிச்சம், நாலாவது டவுன் (அதாவது கடைசி வாய்ப்பு), டாமி ஹாட்ஸன் எறிந்த பந்தை எடி ஃபுல்லர் எண்ட் ஸோனில் பிடித்தார். 7–6. அந்த நேரத்தில் ஜனங்கள் குதித்த குதியில் எங்கள் துறையின் நிலநடுக்கமானியில் முள் ஆடிவிட்டது. அதை 'பூகம்ப கேம்' என்றே சொல்வார்கள். நான் சேர்ந்தபோது எங்கள் பேராசிரியர் நில அதிர்வுப் பாடத்தை அந்தக் கதையிலிருந்துதான் ஆரம்பித்தார். தட்டையான ஒரு கோடு, நடுவில் திடீரென்று ஒரு நடுக்கம், மறுபடி தட்டை. அதைக் கரும்பலகையில் வரைந்துவிட்டு, "இது பூமி பண்ணினதில்லை, ஜனங்கள் பண்ணினது" என்றார். இன்றைக்கும் அந்தக் கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டே வரைவேன்.

இன்னொரு சங்கதி. எங்கள் ஸ்டேடியம் பெரிதானதற்கே காரணம் ஹாஸ்டல். 1930களில் கேலரிக்குக் கீழே மாணவர் அறைகள் கட்டினார்கள். அறை கட்டினால் மேலே இருக்கைக்கும் இடம் கிடைக்கும் அல்லவா? பல தலைமுறைப் பிள்ளைகள் ஸ்டேடியத்துக்குள்ளேயே தங்கிப் படித்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வரிசையாக ஜன்னல் தெரியும்.

கும்பகோணம் சார், உங்கள் டிக்கெட் கதையை மதிக்கிறேன். நீங்கள் எங்களைக் கடைசியாக ஜெயித்தது 1982. ரெண்டு அணியும் கடைசியாக மோதினது 2009, 42–0 நாங்கள். எங்கள் அணி 30,000 பேர் ஸ்டேடியத்துக்கு வரும் என்று எனக்குத் தோன்றவில்லை, டிக்கெட் வருமானமே அதற்குக் குறுக்கே நிற்கும். ஆனால் வந்தால் முதல் ஆளாக நான் வருவேன். 80 மைல்தானே.

மயாமி_மச்சான்:

ரெண்டு பேருக்கும் சொந்த வளாகத்தில் ஸ்டேடியம் இருக்கிறது, அதை முதலில் நினைத்துப் பாருங்கள். எங்கள் மயாமி பல்கலைக்கழக அணி ஆடின ஆரஞ்ச் பௌல் ஸ்டேடியத்தில் 1985 முதல் 1994 வரை தொடர்ந்து 58 ஹோம் கேம் ஜெயித்தோம். கடைசி கேம் 2007 நவம்பர் 10, வர்ஜீனியாவிடம் 48–0 தோல்வி. நான் அன்று மேல்தட்டில் இருந்தேன். தோற்ற பிறகும் யாரும் எழுந்து போகவில்லை, விளக்கு அணைகிறவரை உட்கார்ந்திருந்தோம். அடுத்த வருஷம் இடித்தார்கள், இப்போது அங்கே பேஸ்பால் மைதானம். எங்கள் பிள்ளைகள் வளாகம் இருக்கிற கோரல் கேபிள்ஸிலிருந்து பஸ் ஏறி, இருபது மைல் தாண்டி, என்எஃப்எல் அணியின் ஸ்டேடியத்தில் போய் மேட்ச் பார்க்கிறார்கள். வளாகத்துக்குள் நடந்து போய்ப் பார்க்கிற மாதிரி 40,000 இருக்கை போதும் எங்களுக்கு. தம்பி, கையில் இருப்பதை விட்டுவிடாதே.

உறையூர்_பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கும்பகோணம் அண்ணா, உங்கள் பதிலை லேபில் எல்லாருக்கும் இங்கிலீஷில் சொன்னேன். 30,000 பத்தாது என்று சொன்னவனும் கேட்டான். அவன் வீடு டெக்ஸஸ், 2005இல் பிறந்தானாம். 11 ஸ்டேடியம் கதை அவனுக்கே தெரியவில்லை.

பெரியவரை நேற்று ஸ்ட்ரீட்கார் ஸ்டாப்பில் பார்த்தேன். ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டேன். பழைய ஸ்டேடியத்தில் அவர் பார்த்த கேம்களில் அந்த ஒரு நாளைத் தவிர மற்ற நாளெல்லாம் பாதி காலியாக இருந்ததாம், "காலி பெஞ்சுகளோடு நிறைய நாள் உட்கார்ந்திருக்கிறேன்" என்றார். உங்களைப் பற்றிச் சொன்னேன். சனிக்கிழமை வருவீர்களா?

கும்பகோணம்_டு_ஹூஸ்டன்:

வருகிறேன். வெள்ளி ராத்திரியே கிளம்பிவிடுவேன். அதே ஓக் மரத்தடியில் பதினோரு மணிக்கு நில். பெரியவரையும் இருக்கச் சொல். உன் அண்ணி புளியோதரை கட்டித் தருகிறாள், ஜம்பலாயாவுக்கு அவருக்குப் பதில் மரியாதை பண்ண வேண்டாமா. 1973இல் அவர் எந்தப் பக்கம், எத்தனையாவது வரிசை என்று கேட்டு வை. பழைய மைதானம் இருந்த இடத்தில் அவரோடு ஒரு சுற்று நடந்து, அந்த இருக்கை இப்போது எங்கே வரும் என்று பார்த்துவிட்டு அப்புறம் உள்ளே போவோம்.