புதுப்பிப்பு: டார்க் சன் ஆட்டத்தில் பாலடின் தடை

முன்பு கேட்டது இதுதான். ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை வளர்க்கும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் ஒன்றை நடத்தப்போகிறேன், அதன் களம் டார்க் சன் என்ற பாலைவன உலகம். நோம் என்ற குள்ள இனமும், பாலடின் என்ற சத்தியம் ஏற்ற புனித வீரர் வகுப்பும் கிடையாது என்றேன். ஒரு தோழிக்குப் பாலடின்தான் வேண்டும். தடுப்பது சரியா?

தடை அப்படியே இருக்கிறது. 1991இல் வந்த டார்க் சன் மூல ஆட்டப் பெட்டியிலேயே, அதன் உலகமான ஆதாஸில் கடவுள்கள் இல்லை, நோம்கள் இல்லை, பாலடினும் இல்லை. அதையெல்லாம் திறந்துவிட்டால் அந்தப் பாலைவனத்துக்குத் தனி முகமே இருக்காது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 விதிப்புத்தகமும் நோம், டிராகன்பார்ன் (டிராகன் உருவ மனிதர்) போன்ற இனங்கள் எல்லா உலகிலும் இருக்காது என்றே சொல்கிறது.

ஆனால் வெறும் “கிடையாது” போதாது. பாலடினில் எது பிடிக்கும் என்று அவளிடம் கேட்டேன். ஒரு சத்தியம், அதைக் காப்பது, அவ்வளவுதான். சரி, ஆதாஸின் கிளெரிக்குகள் (மந்திர சக்தி கொண்ட பூசாரிகள்) நிலம், நீர், நெருப்பு, காற்றை வணங்குபவர்கள். அவள் நீரின் கிளெரிக் ஆனாள். தாகத்தில் தவிப்பவரை விட்டுப் போகமாட்டேன் என்பது சத்தியம். தண்ணீருக்குக் கொலை நடக்கும் உலகில் இந்த ஒரு வரியே எத்தனை கதை தரும்!

அப்புறம், ஆட்டத்தின் நடுவே “உன் பாத்திரம் அப்படிச் செய்யாது” என்பேனா என்று சிலர் கேட்டீர்கள். மாட்டேன். சத்தியத்தை மீறுவதானாலும் அது அவள் முடிவு.