பின்னால் கேட்கும் காலடிச் சத்தம்

செந்தூலிலிருந்து:

மலேசியாவில் பரோல் முறை 2008ஆம் ஆண்டிலேயே நடப்புக்கு வந்துவிட்டது என்றாலும், அப்படி வெளியே வந்த ஒருவரை நானே வேலைக்குச் சேர்த்துக்கொள்வேன் என்று ஒருநாளும் எண்ணியதில்லை. என் சமையல் கூடத்தில் அண்டா தூக்கி இறக்க ஆள் கிடைக்காமல் தவித்தபோது, உறவினர் ஒருவர் அவரை அனுப்பிவைத்தார். காஜாங் சிறையில் இருந்தவர். மீதித் தண்டனைக் காலத்தைப் பரோல் அதிகாரியின் கண்காணிப்பில் வெளியே கழித்துக்கொண்டிருந்தார். என்னிடம் வேலை செய்த 7 பேரில், எங்கே தங்குகிறார், எங்கே வேலை செய்கிறார் என்பது அரசாங்கத்துக்கே தெரிந்திருந்த ஒரே ஆள் அவர்தான். ஆனாலும் பணப்பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கியதும், கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வீட்டில் வைத்ததும் அவர் ஒருவருக்காகத்தான்.

என் அச்சம் காரணமில்லாமல் வந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன் பிரிக்ஃபீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையோரம் நடந்துகொண்டிருந்தபோது, பின்னாலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் என் கைப்பையைப் பறித்தார்கள். விழுந்த வேகத்தில் முழங்கை எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து பின்னால் காலடிச் சத்தம் கேட்டாலே தோள் இறுகிவிடும். அந்த இருவரின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. அந்த இடத்தில் இவருடைய முகத்தை வைத்துக்கொண்டேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

அவரைப் பற்றிய செய்தி ஒரு தாமானின், அதாவது குடியிருப்புப் பகுதியின், புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பரவியதும், அங்கே வாடிக்கையாகச் சாப்பாடு எடுக்கும் வீட்டம்மா, “இனிமேல் வேறு ஆளை அனுப்புங்கள்” என்று நயமாகச் சொன்னார். நானும் மறுபேச்சின்றி வேறு ஆளை அனுப்பினேன். அதில் எனக்குப் பெருமை இல்லை.

பினாங்கிலிருந்து:

டத்தோ கிராமாட் சாலைக்கு அருகே, பினாங்குச் சிறையின் மதிலைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அந்த மதிலைக் கண்டு நாங்கள் பயந்ததே இல்லை. இருந்தாலும், அக்கா, அந்த வீட்டம்மாவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் வீட்டில் அறை எடுத்துத் தங்கிய ஒருவர், சிறையிலிருந்து வந்ததை மறைத்து, 3 மாத வாடகையைப் பாக்கி வைத்துவிட்டு இரவோடிரவாகப் போய்விட்டார். இதற்குமுன் எங்களை ஏமாற்றிய இருவரும் சிறை வாசலையே மிதிக்காதவர்கள் என்று என் மனைவி நினைவூட்டினார். அது உண்மைதான், ஆனாலும் அடுத்தமுறை கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் சாவியைக் கொடுப்பேன். உண்மையைச் சொல்பவருக்குக் கொடுப்பேனா என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

செந்தூலிலிருந்து மீண்டும்:

கேட்பதில் தவறில்லை, தம்பி. இவர் முதல் நாளே தாமாகச் சொன்னவர். சமையலறைக்குள் நுழையுமுன் எப்போதும் ஒருமுறை செருமுவார். சளித் தொல்லை என்றே நான் நினைத்திருந்தேன். பரோல் காலம் முடிந்த பிறகும் என்னிடமே வேலையைத் தொடர்ந்தார். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒருநாள் வேலை முடிய இரவு 11 மணி ஆகிவிட, எல்ஆர்டி ரயில் நிலையம்வரை இருவரும் ஒரே வழியில் போக வேண்டியிருந்தது. கைப்பையை மார்போடு அணைத்தபடி நான் வாசலில் தயங்கி நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல், “நான் முன்ன போறேன்க்கா, நீங்க பின்னால வாங்க” என்று சொல்லிவிட்டு, பத்தடி முன்னால் நடக்கத் தொடங்கினார்.