சிம்ப்ரீஃப் பிளானை எஃப்எம்சில இறக்குறதா, கையால அடிக்கிறதா?

ரன்வே_இருபத்தேழு:
ஃபிளைட் சிமுலேட்டருக்கு 737 விமானம் புதுசா வாங்கிருக்கேன். ஹீத்ரோ டு ஃபிராங்க்பர்ட் சிம்ப்ரீஃப்ல (ஃபிளைட் பிளான் போட்டுத் தர்ற வெப்சைட்) பிளான் போட்டு ஃபைலை எஃப்எம்சில (விமானத்தோட வழியைக் கணக்கு பண்ற கம்ப்யூட்டர்) இறக்கினா ரூட் அப்படியே வந்து உக்காந்துருச்சு, நடுவுல மட்டும் ரூட் டிஸ்கண்டின்யுட்டின்னு, அதாவது பாதை அறுந்திருக்குன்னு, காலிப் பெட்டியா காட்டுது. இதை வேற ஒரு குரூப்ல கேட்டா, இம்போர்ட் பண்றவன்லாம் பைலட்டே இல்லன்னு ஒருத்தர் ஏறி அடிக்கிறார். நிஜமாவே கையாலதான் அடிக்கணுமா?

பழைய_யோக்:
ஏறி அடிச்சது நான் இல்ல தம்பி, ஆனா அவர் சொன்னதுல பாதி எனக்கும் சம்மதம்தான். ரூட் பேஜ்ல புறப்படுற ஏர்போர்ட், சேர்ற ஏர்போர்ட் போட்டுட்டு அடுத்த பக்கம் போனா இடது பக்கம் ஏர்வே (வானத்துல போற பாதை), வலது பக்கம் எந்த வேபாயிண்ட்ல (பாதைல பேர் வெச்ச புள்ளி) அந்த ஏர்வேயை விடுறோமோ அது, அவ்ளோதான். டோவர்ல இங்கிலீஷ் சேனலைத் தாண்டுறோம், கோனான் தாண்டி பெல்ஜியம் பக்கம் போறோம், ஸ்ப்ரிமான்ட்ல திரும்புறோம்னு அடிக்கும்போதே மண்டைக்குள்ள ஒரு படம் வந்துரும். இம்போர்ட் பண்றவனுக்கு ஸ்கிரீன்ல வர்ற அந்த ஊதா பாதைக் கோடு எங்க போகுதுன்னே தெரியாது, பின்னாடியே போவான். ஐரோப்பாவுக்குள்ள ஒரு ரூட்டுன்னா அஞ்சாறு வரிதான் வரும், அதுக்கு என்ன சோம்பேறித்தனம்?

ஏர்பஸ்_அடிமை:
ஆரம்பிச்சுட்டார் யோக் அண்ணன் 😄 நிஜ ஏர்லைன்ல இன்னைக்கு யார் அண்ணே வரி வரியா அடிக்கிறாங்க? ஏகார்ஸ் (தரைல இருந்து விமானத்துக்கு டேட்டா அனுப்புறது) வசதி இருக்கிற கம்பெனின்னா ரிக்வெஸ்ட் போட்டா ரூட் தானா வந்து இறங்குது, இல்லன்னா கம்பெனி ரூட்டுன்னு டேட்டாபேஸ்லயே ஒரு பேர்ல சேமிச்சு வெச்சிருப்பாங்க, அந்தப் பேரை அடிச்சா முழு ரூட்டும் வந்துரும். நம்ம 737ல அந்த கோ-ரூட் கட்டத்துல ஃபைல் பேரை அடிக்கிறோமே, அதுவும் இதே வேலைதான். ஏர்பஸ்ல இனிட் ரிக்வெஸ்ட்னு ஒரு பட்டன், ஒரே ஒரு அமுக்கு. நிஜத்துல இருக்கிறதை சிம்ல செஞ்சா அது எப்படி ஏமாத்து வேலை ஆகும்?

அப்புறம் கையால அடிச்சா சேஃப்னு யார் சொன்னது? 2015 மார்ச்ல சிட்னில இருந்து கோலாலம்பூர் கிளம்பின ஏர்ஏசியா எக்ஸ் ஏ330, பொசிஷனை கையால போட்டாங்க. தீர்க்கரேகை 151 டிகிரி 9.8 நிமிஷம்னு வரவேண்டியது 15 டிகிரி 19.8னு விழுந்துருச்சு. 11,000 கிலோமீட்டருக்கு மேல பிழை, விமானம் ஆப்பிரிக்கா பக்கம் இருக்கிறதா கம்ப்யூட்டர் நம்பிக்கிட்டு இருந்துச்சு, ஏறினப்புறம் ஒவ்வொரு சிஸ்டமா சண்டித்தனம் பண்ணி கடைசில மெல்போர்ன்ல போய் இறக்கினாங்க. 1995 டிசம்பர்ல கொலம்பியாவோட காலி நகரத்துப் பக்கம் நடந்த விபத்தும் கையால அடிச்சதுதான். ரோசோங்கிற ரேடியோ பீக்கனுக்குப் போகணும்னு ஆர்னு ஒரு எழுத்து போட்டாங்க, லிஸ்ட்ல மேல இருந்தது பொகோட்டா பக்கத்துல இருக்கிற ரோமியோ, எக்ஸிக்யூட் அமுக்கினதும் 757 இடது பக்கம் மலையைப் பாத்துத் திரும்பிடுச்சு. 159 பேர் போனாங்க.

பழைய_யோக்:
காலியை இங்க இழுக்காதீங்க. அது கிளம்புறதுக்கு முன்னாடி ரூட் அடிச்சப்ப நடந்ததா? இல்ல. ராத்திரில, இறங்கிக்கிட்டு இருக்கும்போது, கன்ட்ரோலர் நேரா ரன்வே 19ல இறங்குறீங்களான்னு கேக்க இவங்க சரின்னுட்டு அவசர அவசரமா அடிச்சது. அந்த நேரத்துல உங்க சிம்ப்ரீஃப் ஃபைல் வந்து என்ன காப்பாத்தும்? ரூட் மாறுச்சுன்னா கையாலதான் அடிச்சாகணும், தரைல பார்க்கிங்ல சும்மா நிக்கும்போதே அடிச்சுப் பழகாதவன் ஆகாசத்துல 250 நாட்ல போயிக்கிட்டே என்னத்த அடிப்பான்? ஒரே பேர்ல ரெண்டு மூணு வேபாயிண்ட் இருந்தா செலக்ட் டிசையர்ட் வேபாயிண்ட்னு ஒரு பக்கம் வரும் பாருங்க, அட்சரேகை தீர்க்கரேகையோட. இம்போர்ட் மட்டுமே பண்றவங்கள்ல பாதிப் பேர் அந்தப் பக்கத்தையே பாத்திருக்க மாட்டாங்க.

ஏராக்_பைத்தியம்:
ரெண்டு பேரும் சண்டைய நிறுத்துங்க, பையன் கேட்ட டிஸ்கண்டின்யுட்டிக்கு யாருமே பதில் சொல்லல.

தம்பி, அந்த ஃபைல்ல பெரும்பாலும் நடு ரூட் மட்டும்தான் இருக்கும். சிட் (கிளம்பி ஏறுற பாதை), ஸ்டார் (இறங்க வர்ற பாதை) ரெண்டும் டிப்பார்ச்சர் அரைவல் பக்கத்துல நீங்களே எடுக்கணும், எந்த ரன்வேன்னு அப்பதானே தெரியும். சிட் முடியிற இடத்துக்கும் ரூட் ஆரம்பிக்கிற இடத்துக்கும் நடுவுல ஒட்டு இல்லன்னா அந்தப் பெட்டி வரும். லெக்ஸ் பக்கத்துல (வேபாயிண்ட்லாம் வரிசையா இருக்கும்) பெட்டிக்கு அடுத்த வேபாயிண்ட்டை அமுக்கினா கீழ எழுதுற வரியான ஸ்க்ராட்ச்பேடுக்கு வரும், அதைப் பெட்டில போட்டு எக்ஸிக்யூட் பண்ணா மூடிக்கும். ஆனா எல்லாப் பெட்டியையும் மூடிடாதீங்க. சில ஸ்டார் கடைசில வெக்டர்னு முடியும், அங்க கன்ட்ரோலர் ஹெட்டிங் (போக வேண்டிய திசை) குடுப்பார்ங்கிறதாலதான் அந்த இடைவெளி, அதை மூடினா நீங்களா ஒரு கோடு போட்டுக்கிட்டுப் பறக்குறீங்கன்னு அர்த்தம்.

இன்னொன்னு முக்கியம். நேவிகேஷன் டேட்டா 28 நாளுக்கு ஒருதரம் மாறும், அதைத்தான் ஏராக் சைக்கிள்ங்கிறோம். சிம்ப்ரீஃப் இலவசக் கணக்குல பழைய சைக்கிள்தான் கிடைக்கும், உங்க விமானத்துல வேற சைக்கிள் இருக்கும். அப்போ ஒரு வேபாயிண்ட் பேர் மாறிருந்தாலும் ஏர்வே கொஞ்சம் சுருங்கிருந்தாலும் இம்போர்ட் பாதில அறுந்துரும், இல்ல அந்தத் துண்டு மட்டும் சத்தமில்லாம காணாமப் போயிரும். கையால அடிச்சா நாட் இன் டேட்டாபேஸ்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லும். இந்த ஒரு விஷயத்துல நான் யோக் அண்ணன் கட்சி.

ஏர்பஸ்_அடிமை:
ரெண்டு பக்கமும் ஒரே சைக்கிள் வெச்சா தீந்துது பிரச்சனை.

ஏராக்_பைத்தியம்:
காசு கட்டினா தீந்துதுன்னு சொல்லுங்க.

டவர்ல_இருந்து:
நான் வாட்சிம்ல (ஆன்லைன்ல சேந்து சிம் பறக்குற நெட்வொர்க்) கன்ட்ரோலர் பக்கம் உக்காருறவன். நீங்க அடிச்சீங்களா இறக்கினீங்களான்னு எனக்கு அக்கறையே இல்ல, ஆனா கிளியரன்ஸ்ல நான் ஒரு சிட் சொல்லி, அதைத் திருப்பிச் சொல்ற ரீட்பேக்கும் சரியா பண்ணிட்டு, ஏறினதும் வேற சிட்ல போறவங்களைப் பாத்தா பத்திக்கிட்டு வருது. சிம்ப்ரீஃப் எந்த சிட்டை யூகிச்சுதோ அது எஃப்எம்சிக்குள்ள இருக்கும், நான் சொன்னது காதோட போயிருக்கும். சில விமானத்துல சிட்டும் சேந்தே இறங்குது, அங்கதான் இது ஜாஸ்தி.

எரபஸ் விபத்தை யாரும் சொல்லலையே. 1979 நவம்பர் 28, ஏர் நியூசிலாந்தோட டிசி-10, அண்டார்டிகா சுத்திக் காட்டப் போனது, 257 பேர் செத்தாங்க. முன்னாடி நாள் ராத்திரி கம்பெனி கம்ப்யூட்டர்ல கடைசி வேபாயிண்ட்டோட கோஆர்டினேட்டை மாத்திட்டாங்க, பைலட்டுங்ககிட்ட சொல்லல. அவங்க காலைல குடுத்த பேப்பரைப் பாத்து நம்பரை ஒழுங்காத்தான் அடிச்சாங்க. மெக்மர்டோ சவுண்டு கடல் மேல போறதா நினைச்ச பாதை நேரா எரபஸ் மலைக்குப் போயிருச்சு. கையால அடிச்சா தெரிஞ்சிருக்கும்ங்கிற யோக் சாரோட வாதம் அங்கேயே அடிபட்டுப் போகுதே?

பழைய_யோக்:
எப்படி அடிபடுது? அந்த கேப்டன் முந்தின ராத்திரி வீட்ல அட்லாஸ் வெச்சு மேப்ல கோடு போட்டுப் பாத்தவர். பழைய நம்பர்படி அது சரியான கோடு. ராத்திரிக்கு ராத்திரி யாரோ மாத்தினதுக்கு அவர் என்ன பண்ணுவார்? நீங்க சொல்றதைப் பாத்தா எங்கேயோ இருந்து ரெடிமேடா வர்ற டேட்டாவை நம்பக்கூடாதுன்னுதான் ஆகுது, இம்போர்ட்டும் அதேதான்.

டவர்ல_இருந்து:
மேப்ல கோடு போட்டது பழைய நம்பருக்கு, விமானத்துல போனது புது நம்பர். உள்ள போனப்புறம் உள்ள இருக்கிறதை எடுத்துப் பாக்கணும்னுதான் நான் சொல்றேன், அது எந்த வழியா போயிருந்தாலும்.

ஏர்பஸ்_அடிமை:
அதுக்குத்தான் பிளான் மோடு இருக்கே. என்டியை (வழி காட்டுற ஸ்கிரீன்) பிளான்ல வெச்சுட்டு லெக்ஸ் பக்கத்துல ஸ்டெப் அமுக்கிக்கிட்டே போனா ஒவ்வொரு வேபாயிண்ட்டா நடுவுல வரும். ஓஎஃப்பியைக் (பயணத்துக்கான பிளான் தாள்) கையில வெச்சுக்கிட்டு ஒருத்தர் படிக்க ஒருத்தர் பாக்க நிஜத்துலயும் இப்படித்தான் சரிபாக்குறாங்க. மொத்த தூரத்தையும் ஓஎஃப்பியோட ஒத்துப் பாருங்க, பெருசா இடிச்சா எங்கேயோ துண்டு விழுந்திருக்கு. காத்து விஷயத்தையும் மறந்துடாதீங்க, ஒவ்வொரு வேபாயிண்ட்டுக்கும் நாலஞ்சு உயரத்துல திசையும் வேகமும் கையால அடிக்க யாருக்குப் பொறுமை இருக்கு, அதைப் போடாம விட்டா எரிபொருள் கணக்கும் இறங்க ஆரம்பிக்கிற புள்ளியும் கோணலாயிரும். யோக் அண்ணன் காத்தையும் கையாலதான் அடிக்கிறாரா?

பழைய_யோக்:
காத்தை இறக்கிக்கிறேன். ரூட்டை அடிக்கிறேன்.

ஏர்பஸ்_அடிமை:
ஆஹா 😂😂

ரன்வே_இருபத்தேழு:
ஸ்டெப் அமுக்கிப் பாத்தேங்க. சிட் டெட்லிங்ல முடியுது, ரூட் டோவர்ல ஆரம்பிக்குது, அதான் பெட்டி, மூடிட்டேன். ஆனா ஃபிராங்க்பர்ட் ஸ்டாருக்கு அப்புறமும் ஒரு பெட்டி நிக்குது. ஏராக் அண்ணா, சார்ட்ல அங்க வெக்டர்னு போட்டிருக்கான்னு எந்த இடத்துல பாக்கணும்?