டியூப் செட்லர்ல புளாக் மேல வழியுது, அவசரம் (கிருஷ்ணகிரி)

மாம்பழ_ஷிஃப்ட்:
வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் கம்பெனி ஈடிபில (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) வேலை. டியூப் செட்லர்ல (சாஞ்ச குழாய் அடுக்குன தெளிவுத் தொட்டி) புளாக் (மருந்து போட்டதும் திரளற அழுக்குக் கட்டி) உக்காராம மேல வந்து லாண்டர்ல (தெளிஞ்ச தண்ணி வெளிய போற வாய்க்கால்) வழியுது. ஆலம் (படிகாரம்) ஏத்திப் பாத்தாச்சு, இன்னும் மோசமாச்சு. சீசன் ஓடுது, லோடு நிக்காது. சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

லேப்_அக்கா:
செட்லர் ஏரேஷனுக்கு (காத்து ஊதற தொட்டி) முன்னாடியா, பின்னாடியா? பிஹெச்? தொட்டி அளவு? நாள் பூரா வழியுதா, சில நேரம் மட்டுமா? ஜார் டெஸ்ட் (குடுவையில மருந்து போட்டு உக்காருதான்னு பாக்கறது) பாத்தீங்களா?

ஓசூர்_ஈடிபி:
பிஹெச்தான் தம்பி, வேற எதுவும் இல்ல. மாங்கூழ் கழுவுன தண்ணியே புளிப்பு. அதுல ஆலம் ஏத்த ஏத்த இன்னும் இறங்கும். 1 மில்லிகிராம் ஆலம் சுமார் அரை மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்னுடும். 6-க்கும் 7.5-க்கும் நடுவுல நிக்கலன்னா புளாக் உருப்படியா கட்டாது. முதல்ல சுண்ணாம்பு, அப்புறம்தான் ஆலம்.

தண்ணி_வாத்தியார்:
அடிப்படையே தெரியாம தொட்டிகிட்ட நிக்க வச்சிடறாங்க. 1904-லயே ஹேசன்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர் எழுதிட்டுப் போயிட்டார்: துகள் உக்காருறதுக்குக் கணக்கு தொட்டியோட பரப்பு, ஆழம் இல்ல. அந்தப் பரப்பை 60 டிகிரி சாய்வுல அடுக்கி வச்சதுதான் டியூப் செட்லர். ரொம்பப் படுக்க வச்சா சேறு வழுக்கி இறங்காது, நிமித்தினா கிடைக்கிற பரப்பு குறையும். கேட்டவர் பரப்பும் சொல்லல, ஓட்டமும் சொல்லல. நாங்க என்ன ஜோசியமா பாக்கறோம்?

பாலக்கோட்டான்:
வாத்தியாரே, அவரு பதட்டத்துல இருக்காரு, கொஞ்சம் இறங்கி வாங்க. என் சந்தேகம் அடியில சேறு சேர்ற ஹாப்பர் மேலதான். பழச் சேறு வெயில்ல கிடந்தா புளிச்ச தோசை மாவு கணக்கா கேஸ் விடும். குமிழி ஒட்டிக்கிட்டு கட்டி கட்டியா மேல வரும். சேறு எப்ப எடுத்தீங்க?

மாம்பழ_ஷிஃப்ட்:
ஏரேஷனுக்கு முன்னாடிங்க. சுண்ணாம்பு போட்டு 6.8 வச்சிருக்கோம். சேறு தினமும் எடுக்கறோம். செட்லர் 2 மீட்டருக்கு 2 மீட்டர். 100 கேஎல்டி (ஒரு நாளைக்கு 100 கன மீட்டர்) டிசைன். ஜார்ல நல்லா உக்காருது.

ஓசூர்_ஈடிபி:
6.8-ஐ மீட்டர்ல பாத்தீங்களா, பேப்பர்லயா? மீட்டர் கேலிபரேஷன் எப்ப பண்ணது?

லேப்_அக்கா:
அண்ணா, பிஹெச்சை விடுங்க. ஜார்ல உக்காந்து தொட்டியில உக்காரலன்னா மருந்தைவிட ஓட்டத்தைத்தான் முதல்ல சந்தேகப்படணும். 100 கேஎல்டியை 20 மணி நேரத்துல விட்டா மணிக்கு 5 கன மீட்டர். 4 சதுர மீட்டருக்கு தண்ணி மேல ஏறற வேகம் மணிக்கு 1.25 மீட்டர், தாராளம். ஆனா பம்பு அப்படி ஓடாதே. ஃப்ளோட் (மிதவை சுவிட்ச்) தூக்குனதும் மணிக்கு 20 கன மீட்டர் தள்ளுதுன்னா வேகம் 5 மீட்டர். குடிநீர்ல கெட்டிப் புளாக்குக்கு டியூப் செட்லர் அதைத் தாங்கும். பழச் சக்கையில கட்டுன பஞ்சு மாதிரிப் புளாக் தாங்காது. ஆலம் கூடுனா புளாக் இன்னும் லேசாகும், அதான் மோசமாயிருக்கு. பம்பு நேம்பிளேட்ல என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. பம்பு ஓடுறப்ப மட்டும்தான் வழியுதான்னும் கவனிங்க.

ராயக்கோட்டை_பையன்:
மைக்ரோ சாண்ட் (பொடி மணல்) போட்டு புளாக்கை இறக்குற முறை இருக்கே? மணிக்கு 40 மீட்டருக்கு மேலயே தாங்குமாம். பாதி இடம்கூட வேண்டாம்.

தண்ணி_வாத்தியார்:
தாங்கும். மணல், பாலிமர், வேக மிக்ஸர், சேத்துலேர்ந்து மணலைப் பிரிக்க ஹைட்ரோசைக்ளோன், அதுக்கொரு பம்பு. ரெண்டு மூணு மாச மாம்பழ சீசனுக்கு இதை யார் வாங்கித் தருவா, நீங்களா?

பாலக்கோட்டான்:
மிதக்கற சரக்கை ஏன் அமுக்கப் பாக்கறீங்கன்னுதான் எனக்குப் புரியல. டேஃப் (காத்துக் குமிழி விட்டு மிதக்க வைக்கிற தொட்டி) வச்சு மேலயே வழிச்சு எடுத்துடலாம். அது கிடக்கட்டும், ஆலம் புளோரைடையும் எடுக்குமாமே? எங்க பக்கம் இன்னும் போர் தண்ணி குடிக்கிறவங்க இருக்காங்க.

தண்ணி_வாத்தியார்:
நல்கொண்டா முறை. நாக்பூர் நீரி ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடிச்சது, ஆலமும் சுண்ணாம்பும் சேத்துப் போடறது. தெளிவிக்க மட்டும் போடற ஆலத்தைவிட பல மடங்கு வேணும். வீட்டுல கண்ணளவுல போட்டா புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்குக் கீழ இறங்குச்சான்னும் தெரியாது, அலுமினியம் மிச்சம் நிக்கும். ஒகேனக்கல் தண்ணி 2013-லேர்ந்து வருதே, அதைக் குடிக்கச் சொல்லுங்க.

பாலக்கோட்டான்:
சொல்லிப் பாத்துட்டேன். என் மாமியாருக்குப் போர் தண்ணி ருசிதான் வேணுமாம். நீங்க வந்து ஹேசன் கணக்கு சொல்லிப் பாருங்க, கேக்கறாங்களா பாப்போம்.

ஓசூர்_ஈடிபி:
ருசிக்குன்னு பல்லு கறை ஆகறதா? காய்ச்சினாலும் புளோரைடு போகாது, அதையாவது சொல்லுங்க.

லேப்_அக்கா:
புளோரைடுக்குத் தனி இழை போடுங்கப்பா. இது மாங்கூழ்.

மாம்பழ_ஷிஃப்ட்:
பம்பு மணிக்கு 24 கன மீட்டராம். பைபாஸ் வால்வைத் திறந்து பாதிக்கு மேல ஈக்வலைசேஷனுக்கே (முதல்ல கழிவுநீரைச் சேத்து வைக்கிற தொட்டி) திருப்பிட்டோம், ஆலமும் பழைய அளவுக்கு வந்தாச்சு. வழியறது நின்னுடுச்சு. நார் கொஞ்சம் மிதக்குது. நன்றி அக்கா. லாரி வந்துடுச்சு, அப்புறம் வரேன்.

ஓசூர்_ஈடிபி:
எதுக்கும் பிஹெச் மீட்டரைப் பாத்துடுங்க.

ராயக்கோட்டை_பையன்:
நாருக்கு முன்னாடி சல்லடை எதுவும் இல்லையா? என்ன மெஷ்?

பர்கூர்_ஷிஃப்ட்2:
அண்ணா, எங்களுக்கும் இதே தொல்லைதான். வால்வ் எத்தனை சுத்து திறந்தீங்க? இருக்கீங்களா?