பீனியலுக்கு மேலே ஒரு நீர்ப்பை: எப்படிப் பிரித்தறிவது?

திருமங்கலத்தான்:
மதுரையில் ஒரு ஸ்கேன் மையத்தில் எம்.ஆர்.ஐ. பயிற்சியில் இருக்கிறேன். நேற்று தலைவலியோடு வந்த ஓர் அம்மாவுக்கு மூளைப் படம் எடுத்தோம். நீர் வெள்ளையாகத் தெரியும் டி2 நடுக்கோட்டுப் படத்தில், மூளையின் நடுவில் இருக்கும் சிறிய பீனியல் சுரப்பியின் தலைமேல் வெள்ளையாக ஒரு பை, நிலக்கடலைப் பருப்பு அளவு. "நீர்க்கட்டி போலிருக்கிறதே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அந்த அம்மாவின் மகன் கதவோரம் நின்றிருந்தான், முகம் செத்துவிட்டது. மருத்துவர் வந்து, "சூப்ராபீனியல் ரீசெஸ், எல்லோருக்கும் இருப்பதுதான்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். எதை வைத்து அப்படிச் சொன்னார்?

மேலூர்க்காரன்:
தம்பி, முதலில் வாயைக் கட்டப் பழகுங்கள். நோயாளியின் ஆட்கள் காதில் விழும்படி படத்துக்குப் பெயர் வைப்பது நம் வேலை இல்லை. இருபது வருடத்துக்கு மேல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூளைக்குள் நீர் நிறைந்த அறைகள்தான் வென்ட்ரிக்கிள்கள். அவற்றில் மூன்றாவதன் கூரை பின்னால் போய், பீனியலுக்கு மேலே பையாக முடிகிறது. அதுதான் அந்த ரீசெஸ். முன்பக்கம் வாய் திறந்து வென்ட்ரிக்கிளோடு ஒன்றாக இருக்கும். பீனியல் நீர்க்கட்டி சுரப்பிக்கு உள்ளேயே, தனக்கென்று சுவரோடு இருக்கும். 5 மி.மீ. தடிமனான வெட்டில் இரண்டும் குழம்பும். 1 மி.மீ. முப்பரிமாண டி2 எடுத்தால் அந்த வாய் தெரிந்துவிடும். மூளை நீரைக் கறுப்பாக்கிக் காட்டும் ஃபிளேர் படத்தில் ரீசெஸ் வென்ட்ரிக்கிளைப் போலவே கறுத்துவிடும்; நீர்க்கட்டியின் நீர் பல நேரம் அவ்வளவு கறுக்காது.

பை அளவுக்கு மீறி உப்பியிருந்தால் கீழே, மூன்றாவது வென்ட்ரிக்கிளிலிருந்து நான்காவதுக்கு நீர் போகும் சில்வியஸ் குழாயைப் பாருங்கள். மடை அடைத்துக்கொண்டால் கண்மாய்க் கரை மெலிந்த இடத்தில்தானே முதலில் பிதுங்கும்? இந்த ரீசெஸ்களின் சுவரும் மெலிது. பிட்யூட்டரித் தண்டுக்குள் இறங்கும் இன்ஃபண்டிபுலர் ரீசெஸ் சாதாரணமாகக் கலப்பைக் கொழுப் போலக் கூராக இருக்கும். அழுத்தம் ஏறினால் மழுங்கி உருண்டுவிடும். பக்க வென்ட்ரிக்கிள்களும் மூன்றாவதும் பெருத்து, நான்காவது மட்டும் பழைய அளவிலேயே நின்றால் அடைப்பு அந்தக் குழாயில்தான்.

கதிரியல் மாணவி:
அண்ணன் விட்டது ஒன்று. அதே இடத்தில் கேவம் வெலி இன்டர்போசிட்டி என்று மூன்றாவது நீர்ப்பையும் உண்டு. அதைப் பிரிக்க உள் பெருமூளைச் சிரைகளைத் தேடுங்கள். அவை பைக்கு மேலே ஓடினால் ரீசெஸ் அல்லது பீனியல் நீர்க்கட்டி. பைக்குக் கீழே அழுந்திக் கிடந்தால் கேவம். தேர்வில் இதில்தான் நான் மாட்டினேன்.

மேலூர்க்காரன்:
சிரையை மறந்துவிட்டேன் அம்மா, ஒப்புக்கொள்கிறேன்.

திருமங்கலத்தான்:
இன்று காலை படத்தைத் திரும்பத் திறந்தேன். முன்பக்கம் வாய் திறந்திருக்கிறது, சிரைகள் மேலே ஓடுகின்றன, இன்ஃபண்டிபுலர் ரீசெஸ் கொழுப் போலக் கூராக இருக்கிறது. சில்வியஸ் குழாயும் ஒழுங்காக இருக்கிறது. அந்த மகன் ரிப்போர்ட் வாங்க மாலையில் வருகிறான். மருத்துவரே அவனிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்; நான் உள்ளறையில் இருந்துகொள்கிறேன்.