விராலுக்கு ஒரு வில்லுப்பாட்டு: வில்லுக்கு எங்கே போவது?

நாலாம் வகுப்பு டீச்சர்

வணக்கம். தென்காசி மாவட்டத்தில் ஓர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். 19 பிள்ளைகள். பிப்ரவரி கடைசியில் ஆண்டு விழா. போன வருஷம் சினிமாப் பாட்டுக்கு ஆறு டான்ஸ், நடுவில் நான் எழுதிக்கொடுத்த நீதிக்கதை நாடகம் ஒன்று. நாடகம் ஆரம்பித்ததும் முன்வரிசை அப்பாமார் மொத்தமாக எழுந்து டீ குடிக்கப் போனார்கள். அடுத்த டான்ஸுக்குத்தான் திரும்பி வந்தார்கள். எழுதியவள் நான், வயிறு எரியாதா?

இந்த வருஷக் கதை பிள்ளைகளே போட்டது. வகுப்பில் குளம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருத்தி, "டீச்சர், குளம் வத்திட்டா விரால் எங்க போவும்?" என்றாள். நான் வாயைத் திறக்குமுன் இன்னொருவன், "எங்க தாத்தா மம்பட்டியால வெட்டயில சேத்துக்குள்ள உசுரோட கெடந்துச்சு" என்றான். அன்றிலிருந்து ரெண்டு வாரமாக இதே பேச்சு. சேற்றுக்குள் படுத்திருக்கும் விரால் என்ன கனவு காணும்? ஒருவன் கனவில் அது குற்றாலம் மெயினருவியில் ஏறுகிறது. இன்னொருத்தி கனவில் பஞ்சாயத்து மோட்டார் ரூமில் வேலைக்குச் சேர்ந்து, தண்ணீர் திறந்துவிடுகிறது.

இதை வில்லுப்பாட்டாகப் போட ஆசை. வில் வாடகைக்குக் கேட்டால் ஆளோடுதான் வருவோம் என்கிறார்கள். சொல்லும் தொகையில் எங்கள் விழாவே முடிந்துவிடும். பிவிசி பைப்பை வளைத்துக் கட்டலாமா? வகுப்பில் ஒரு பையன் பேசவே மாட்டான். எழுதுவான், கூப்பிட்டால் சிரிப்பான், வாய் திறக்க மாட்டான். அவனை மரமாக வேஷம் கட்டி மூலையில் நிறுத்த மனசில்லை. அப்புறம், அந்த அப்பாமாரை எப்படி உட்கார வைப்பது?

கீபோர்டு கிட்டு

டீச்சர், யூடியூபில் வில்லுப்பாட்டு மெட்டு டிராக் கொட்டிக் கிடக்கிறது. ஸ்பீக்கரில் ஓடவிட்டுப் பிள்ளைகளை மேலே பாடச் சொல்லுங்கள். வில்லைத் தெர்மோகோலில் வெட்டி ஜிகினா ஒட்டிவிடலாம். எங்கள் அபார்ட்மென்ட் பொங்கல் விழாவில் அப்படித்தான் செய்தோம், சூப்பராக இருந்தது.

குடத்துக்காரர் மகன்

தெர்மோகோல் வில் பற்றி அப்பாவிடம் நான் மூச்சே விடவில்லை. அவருக்கு ஏற்கெனவே பிரஷர்.

அப்பா நாற்பது வருஷம் வில்லுக்குக் குடம் அடித்தவர். நாகர்கோவில் பக்கம். நான் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஆனாலும் பள்ளிக்கூட லீவெல்லாம் அவர் குழுவோடு கோயில் கொடைத் திருவிழா ஒவ்வொன்றுக்கும் சுற்றியவன். அதனால் சொல்கிறேன், டிராக் வேண்டாம். டிராக்குக்கு நிற்கத் தெரியாது. புலவர், அதாவது கதை சொல்லிப் பாடுகிற தலைமை ஆள், ரெண்டு வரி பாடுவார், வீசுகோல் நாணில் துள்ளிக்கொண்டே இருக்கும், சட்டென்று எல்லாம் நிற்கும். அந்த இடத்தில் கதையைப் பேச்சாகச் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் "ஆமா" என்பார், "அப்படியா சேதி?" என்பார், சமயத்தில் "அதெப்படி அண்ணாச்சி?" என்று மடக்குவார். கூட்டத்தில் இருக்கும் பாட்டிக்குத் தோன்றுகிற கேள்வியை அவர் கேட்டுவிட வேண்டும். அந்த ஆள் சரியில்லையென்றால் எப்பேர்ப்பட்ட புலவரும் தனியாகக் கத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எங்கள் வீட்டு வில் பனையில் செதுக்கியது, பத்தடிக்கு மேல் இருக்கும். நாண் மாட்டுத்தோலை முறுக்கியது. வில் நெடுகிலும் மணி. நாண் மேலே இருக்கும்படி வைத்து, வில்லின் முதுகைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டுவார்கள். குடம் வைக்கோல் பிரிமணையில் உட்காரும். பிவிசி பைப் நன்றாக வளையும், ஆனால் ஊமை. ஆறடி மூங்கில் போதும், நைலான் கயிறு கட்டுங்கள். ஓசைக்கு மாட்டுச் சலங்கை ஏழெட்டுத் தொங்கவிட்டால் பிள்ளைகள் கோலால் தட்டத் தட்ட வேண்டிய சத்தம் வந்துவிடும். காசு செலவழிப்பதானால் குடத்துக்குச் செலவழியுங்கள். சுண்டினால் கணீரென்று கேட்கிற மண்குடம் பார்த்து வாங்க வேண்டும். குடத்தின் வாயில் அடிக்கிற மட்டையை, பத்தி என்போம், அப்பா கமுகம்பாளையில் செய்வார். பிள்ளைகளுக்குப் பழைய ரப்பர் செருப்பின் அடிப்பாகம் நல்லாவே கேட்கும். ஓங்கி அறையக் கூடாது, "குடத்தை அடிக்காத, உள்ள இருக்க காத்த அடி" என்பார் அப்பா. எதற்கும் ரெண்டு குடமாக வாங்கி வையுங்கள்.

அப்பாமார் கதைக்கு வருகிறேன். சுடலைமாடன் கதை விடிய விடிய ஓடும். ரெண்டு மணிக்கு மேல் பாதிக் கூட்டம் சாய்ந்துவிடும். எங்கள் புலவர் யாரையும் எழுப்பச் சொல்ல மாட்டார். மாடன் நடந்துபோகிற வழியில் அந்த ஊர் டீக்கடையைக் கொண்டுவந்து வைப்பார், கடைக்காரர் பட்டப்பெயரோடு! சாயங்காலமே ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி எல்லாம் விசாரித்து வைத்திருப்பார். பட்டப்பெயர் காதில் விழுந்ததும் ஒருத்தர் பக்கத்தில் தூங்குகிறவரை உலுக்குவார். உங்கள் அப்பாமார் போகிற டீக்கடைக்கு விராலையும் அனுப்புங்கள்.

சாமி கதை பாடுகிற வில்லில் மீன் கதையா என்று யாராவது இழுத்தால், ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணன் காந்தி கதையையே வில்லில் பாடினார் என்று சொல்லுங்கள். அதை எழுதிக்கொடுத்த சுப்பு ஆறுமுகம் உங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்தான். 2021-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள், மறு வருஷம் போய்விட்டார்.

பேசாத பையன் பற்றி. எனக்குச் சின்ன வயசில் திக்குவாய். பேசினால் திக்கும், பாடினால் திக்காது. அப்பா யாரிடமும் எதுவும் விளக்கவில்லை, ஒரு கொடையில் ஜால்ராவைக் கையில் கொடுத்துப் பின்பாட்டுக்காரர்களுக்கு நடுவில் உட்காரவைத்துவிட்டார். எல்லாரோடும் சேர்ந்து வாய் அசைத்தேன். எப்போது சத்தம் வந்தது என்று எனக்கே நினைவில்லை. உங்கள் பையனுக்கும் முதலில் ஜால்ரா கொடுங்கள். ஒத்திகையில் அவன் கதையைக் கேட்கிற முகத்தைப் பாருங்கள். நன்றாகக் கேட்கிறான் என்றால் "ஆமா" அவனுக்குத்தான். கட்டாயப்படுத்த வேண்டாம்.

கல்குவாரி அக்கா

டீச்சரம்மா, தம்பி சொன்ன டீக்கடை யோசனை ரொம்பச் சரி. 1991, 92-இல் புதுக்கோட்டை அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் நான் தொண்டராக இருந்தேன். பகலெல்லாம் கல் உடைத்துவிட்டு வருகிற பெண்களுக்கு ராத்திரி வகுப்பு. ஸ்லேட்டை எடுத்தால் கொட்டாவி. பாட்டு எடுத்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா பெண்கள் சைக்கிள் பழகுவதையும் அறிவொளியோடு சேர்த்தார். அதற்கும் பாட்டு இருந்தது, பாடிக்கொண்டே விழுந்து எழுந்தோம். என் முட்டியில் தழும்பு இன்னும் இருக்கிறது.

நான் ஒரு வேலை செய்வேன். கூலிச்சீட்டில் எழுதியதைப் படிக்கத் தெரியாமல் ஏமாந்த ஒருத்தி கதையைப் பாட்டும் பேச்சுமாகச் சொல்லி, அவள் மேஸ்திரி முன்னால் போய் நிற்கிற இடத்தில் நிறுத்திவிட்டு, "நாளைக்கு வாங்க" என்று பெட்ரோமாக்ஸை இறக்கிவிடுவேன். மறுநாள் ஆளுக்கொரு முடிவோடு வருவார்கள். ஒரு அம்மா மேஸ்திரியைக் கிணற்றில் தள்ளியே ஆகவேண்டும் என்று நின்றார். பெரியவர்களுக்குப் பாடம் நடத்தினால் பிடிக்காது. அவர்களிடம் யோசனை கேட்டுப் பாருங்கள், நகரவே மாட்டார்கள்.

தாளம் தட்டுபவன்

சின்ன யோசனை. புரோகோஃபியேவ் என்ற ரஷ்ய இசைக்காரர் 1936-இல் மாஸ்கோ பிள்ளைகளுக்காக ஒரு கதை இசை எழுதினார். பறவை வந்தால் புல்லாங்குழல், பூனைக்குக் கிளாரினெட், ஓநாய்க்கு மூன்று ஹார்ன். கொஞ்ச நேரத்தில் பெயர் சொல்லாமலே யார் வருகிறார் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். நான் கோவையில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறேன், குட்டிப் பிள்ளைகளிடம் இதைக் கொட்டாங்குச்சியும் டிபன் பாக்ஸும் வைத்துச் செய்து பார்த்திருக்கிறேன். கதையில் கொக்கு வந்தால் அதற்கு ஒரு சத்தம், விராலுக்கு ஒரு சத்தம் பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள். விராலுக்கு என்ன கண்டுபிடிப்பார்கள் என்று எனக்கே ஆவலாக இருக்கிறது.

நாலாம் வகுப்பு டீச்சர்

தாமதமாக வருகிறேன், மன்னிக்கணும். விழா போன வெள்ளிக்கிழமை முடிந்தது.

மூங்கில், நைலான் கயிறு, பக்கத்துத் தெரு மாட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய சலங்கை. முதல் குடம் ரெண்டாம் நாள் ஒத்திகையிலேயே போனது. அண்ணாச்சி, உங்கள் புண்ணியத்தில் ரெண்டாவது கையில் இருந்தது. விரால் சத்தம் என்ன தெரியுமா? தண்ணீர் பாதி நிரம்பிய பாட்டிலைப் படுக்கப்போட்டு உருட்டுவது. களுக், களுக். நான் நூறு வருஷம் யோசித்தாலும் எனக்கு வந்திருக்காது.

பாட்டும் பிள்ளைகளே கட்டினார்கள், நான் சந்தம் மட்டும் ஒட்டவைத்தேன்:

குளம் வத்திப் போச்சுதய்யா, கொக்கும் பறந்து போச்சு – அந்த
விரால் மட்டும் சேத்துக்குள்ள வீடு கட்டிப் படுத்திருச்சு!

அந்தப் பையனுக்கு ஜால்ரா கொடுத்தேன். பத்து நாள் ஒன்றுமில்லை. பதினோராம் நாள் "ஆமா" என்றான், நான் அவன் பக்கம் திரும்பவே இல்லை. விழாவன்று மைக்கைப் பார்த்ததும் பயத்தில் எல்லா இடத்திலும் "ஆமா" போட ஆரம்பித்துவிட்டான். "விரால் செத்துப்போச்சோ?" என்று புலவர் பிள்ளை உருக்கமாகக் கேட்க, இவன் சத்தமாக "ஆமா!" கதையில் அது சாகவே இல்லை. கூட்டம் சிரித்தது. எனக்கு நெஞ்சு அடைத்தது. அவன் சிரிக்கிறவர்களைப் பார்த்தான், அடுத்த "ஆமா"வைக் கொஞ்சம் இழுத்துப் போட்டான். இன்னும் சிரித்தார்கள். அதற்கப்புறம் தெரிந்தேதான் போட்டான், திருட்டுப் பயல்.

டீக்கடையும் வந்தது. விரால் வடை கேட்கிறது, கடன் சொல்கிறது. கடைக்காரரே கடையைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார், அதனால் யாருக்கும் எழுந்துபோக இடமில்லை. அக்கா சொன்ன மாதிரி மழை வருவதற்கு முன்னாலேயே கதையை நிறுத்திவிட்டோம். திங்கட்கிழமை காலை கேட்டருகே ஒரு ஆச்சி என்னைப் பிடித்துக்கொண்டு, "மழ பெஞ்சுச்சா இல்லையா, அதச் சொல்லிட்டுப் போ" என்கிறார்.

அண்ணாச்சி, கமுகம்பாளைப் பத்தி எப்படிச் செய்வது என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். செருப்பு கிழிந்துவிட்டது, அஞ்சாம் வகுப்பும் இப்போது வில் கேட்கிறது.